இருபது நிமிஷம் இருட்டு வேணும் சார்!

எங்க அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுக்கு இந்த வருஷம் டிஜே வேண்டாம், தோல்பாவைக்கூத்து வைக்கலாம்னு நான்தான் வாயைக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"ஓ, பொம்மலாட்டமா?" என்றார் செயலாளர். இல்லைங்க. அது மரப்பொம்மை. இது ஆட்டுத்தோல். மயிரைச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெலிசாக்கி, வர்ணம் தீட்டி, நகைநட்டுக்கெல்லாம் பொடிப்பொடியா ஓட்டை போட்டு... "சரி சரி, எவ்வளவு நேரம்?"

ஊர்ல ராமாயணத்தைப் பத்து ராத்திரி நடத்துவாங்க. இங்கே இருபது நிமிஷம். ராமர் பிறக்கவே பத்தாதே! ரேட்? டிஜே கேட்டதுக்கு மறுபேச்சில்லாம தலையாட்டினவங்க, இங்கே மட்டும், "கலைச்சேவை மாதிரி கொஞ்சம் குறைச்சுக்க மாட்டாங்களா?" ஏன், அவங்க வீட்டு அடுப்பு என்ன சேவையிலா எரியுது?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தாங்க. அப்பா, அம்மா, பையன். வீட்டுல பேசுறது மராத்தி. திரைக்குப் பின்னால போனா அப்படி ஒரு தமிழ். பாவையை ஆட்டிக்கிட்டே ராமன், ராவணன், சூர்ப்பணகை எல்லாருக்கும் அந்த ஒரே மனுஷன்தான் குரல். நடுவுல உச்சிக்குடுமி, உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளிங்களோட நக்கல் வேற. அந்தம்மா ஹார்மோனியம், பையன் மிருதங்கம்.

அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "முன்னாடி எரியுற லைட்டை மட்டும் அணைச்சிருங்க சார்."

அவ்வளவுதானேன்னு நினைச்சேன். ஃப்ளட் லைட் ஸ்விட்ச் இருக்கிற ரூமுக்குப் பூட்டு. சாவி எலக்ட்ரீஷியன்கிட்ட. எலக்ட்ரீஷியன் ஊருக்குப் போயாச்சு. பார்க்கிங் லைட்டை அணைச்சா சிசிடிவி தெரியாதாம். தோசை ஸ்டால்காரர், "கல்லு தெரிய வேணாமா சார்?" என்கிறார். நியாயம்தான். எல்லாருக்கும் நியாயம் இருக்கு. பத்து எல்இடி வெளிச்சத்துல வெள்ளைவேட்டித் திரையில அனுமார் சாயம் போன சட்டை மாதிரி நிக்கிறார். போதாததுக்கு ஒருத்தர் முன்னால வந்து, ஃப்ளாஷ் போட்டு ஃபோட்டோ எடுக்கிறார். நிழலை! ஃப்ளாஷ் போட்டு!

முடிஞ்சதும் பொன்னாடை. "அழிந்து வரும் கலை" என்று மைக்கில் உருகினார் செயலாளர். பக்கத்துல அந்த மனுஷன் கைகூப்பி நிக்கிறார். உசிரோட இருக்கிறவருக்கே இரங்கல் கூட்டம்.

கிளம்பும்போது அவர் என்கிட்ட குறைப்பட்டுக்கவே இல்லை. "எங்கேயும் இப்படித்தான் சார்" என்றார், பாவைகளை அடுக்கிக்கிட்டே. அதுதான் சுருக்குன்னு தைச்சது. பாக்கிப் பணம் திங்கட்கிழமை போடறதா சொன்னாங்க. இன்னிக்கு வியாழன்.

நீங்களும் இவங்களைக் கூப்பிடுங்க, கட்டாயம் கூப்பிடுங்க. ஆனா பொன்னாடை வாங்கற காசையும் அவங்க கையில சேர்த்துக் கொடுத்துடுங்க. அதுக்கும் முன்னாடி, லைட் ஸ்விட்ச் ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு வைங்க.