வேலை என்ற தூண்டில்! நிலத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்!



கொஞ்ச நாளாக நம் கிராமத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓடுகிறது. "எண்ணெய்க் கம்பெனி வந்தா நம்ம புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கும். இந்தச் சங்கத்துக்காரனுங்கதான் குறுக்க நின்னு கெடுக்குறானுங்க" என்பதுதான் அந்தப் பேச்சு. இதைக் கிளப்பிவிடுகிறவர்கள் நிலம் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் புரோக்கர்கள். அதில் மயங்குகிறவர் யார்? ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பெற்ற தகப்பன். அவரை நாம் குறை சொல்ல முடியாது. நெல்லு போட்ட காசு கடனுக்கே பத்தாதபோது, மகனுக்கு மாசச் சம்பளம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எங்கள் வீட்டுக்கும் அந்த ஆசை வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

1990களில் எண்ணெய்க் கிணறு தோண்ட எங்கள் அப்பாவிடம் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள். "ஒங்க சின்னப் புள்ள ஐ.டி.ஐ. ஃபிட்டர்தானே பெரியவரே, அவன் வேலை எங்க பொறுப்பு" என்றார் தரகர். பத்திரத்தை வாசித்துக் காட்டியது நான்தான். குத்தகைத் தொகை இருந்தது, வருஷக் கணக்கு இருந்தது. வேலை என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. கேட்டேன். "அதெல்லாம் எழுத மாட்டாங்க தம்பி, வாய் வார்த்தைதான்" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

தம்பிக்கு வேலை கிடைத்தது. ஃபிட்டர் வேலை அல்ல, கான்ட்ராக்டரிடம் ராத்திரி வாட்ச்மேன் வேலை. ஒன்பது வருஷம் பார்த்தான். அதற்குள் நாலு கான்ட்ராக்டர் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சேர்ந்த ஆள் என்றுதான் கணக்கு. பி.எஃப். பிடித்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஒருநாள் "நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார்கள், அவ்வளவுதான். நிலம் திரும்பி வந்தது. செம்மண்ணும் ஜல்லியும் கொட்டிக் கெட்டிச்ச அந்தத் தரையில் இன்றைக்கும் மம்பட்டி இறங்காது. நிலமும் போச்சு, வேலையும் போச்சு.

ஒரு கிணற்றில் எத்தனை வேலை?

வயலில் ரிக் நிற்கும்போது பார்த்தால் திருவிழா மாதிரிதான் இருக்கும். லாரி, கிரேன், ஜெனரேட்டர், ராப்பகல் வெளிச்சம். 12 மணி நேர ஷிப்டில் ஆட்கள் மாறிமாறி நிற்பார்கள். அதைப் பார்த்துத்தான் நம் பையன்கள் ஏமாறுகிறார்கள். துளை போட்டு முடிந்ததும் ரிக் அடுத்த இடத்துக்குப் போய்விடும், அதோடு பழகிய ஆட்களும் போய்விடுவார்கள். நம் வயலில் மிஞ்சுவது அவர்கள் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று சொல்கிற வால்வுக் கூட்டமும், சுற்றி ஒரு வேலியும், காவலுக்கு ஓரிரு ஆட்களும்தான். எண்ணெயும் வாயுவும் குழாய் வழியே சேகரிப்பு நிலையத்துக்குத் தானாகப் போகும். ஒரு போகம் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் இறங்குகிற ஆட்களை எண்ணிப் பாருங்கள். எது அதிக வேலை தரும் தொழில் என்று நீங்களே சொல்லுங்கள்!

மூன்று வாசல், மூன்றுக்கும் பூட்டு

எண்ணெய் வயலில் முதல் வேலைக்கு மூன்று வழி உண்டு.

முதலாவது நிரந்தர வேலை. பொதுத்துறையில் இதற்கு விளம்பரம் வரும், கம்ப்யூட்டர் தேர்வு வரும். இன்ஜினியருக்குச் சில சமயம் 'கேட்' மதிப்பெண் கேட்பார்கள். நிலம் கொடுத்தவன் மகன் என்று அதில் தனி வரிசை இல்லை. எந்தப் புரோக்கராலும் இதை வாங்கித் தர முடியாது.

இரண்டாவது அப்ரண்டிஸ். ஓ.என்.ஜி.சி. அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் சென்னையும் காரைக்காலும் இடம்பெறுகின்றன. வயது 18 முதல் 24 வரை. படிப்பு மார்க்கை வைத்துத்தான் தேர்வு. விண்ணப்பிக்கப் பணம் கிடையாது. பையன்கள் தாராளமாகப் போடட்டும், கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அது பயிற்சி, உதவித்தொகை உண்டு, முடிந்ததும் வேலை என்ற உறுதி கிடையாது. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் 2014இல் திருத்தம் செய்தபோதுகூட, 'வேலை கொடு' என்று எழுதவில்லை. பயிற்சி முடித்தவரைச் சேர்ப்பதற்கு முதலாளி தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதினார்கள்.

மூன்றாவது கான்ட்ராக்ட் கூலி. ஹெல்பர், வாட்ச்மேன், சமையல், வண்டி ஓட்டுவது. நம் ஊர்ப் பையன்களுக்குக் கடைசியில் கிடைப்பது இதுதான்.

இதற்கு நடுவில் நாலாவதாக ஒரு கூட்டம். "ரிக் டிரெயினிங் சர்ட்டிபிகேட் இருந்தா வளைகுடாவுல லட்சத்துல சம்பளம்" என்று ஆள் பிடிக்கிறது. நம் பக்கத்து ஊரில் ஒரு தாய் தாலிச் செயினை அடகு வைத்து இரண்டரை லட்சம் கட்டினார். மகன் சுற்றுலா விசாவில் போய், இரண்டு மாசத்தில் வெறுங்கையோடு திரும்பினான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப, 1983 குடிபெயர்வோர் சட்டப்படி ஏஜெண்டுக்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு ரூ.30,000, அதோடு ஜி.எஸ்.டி. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும், சுற்றுலா விசா என்றாலும், அவன் திருடன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டத்தில் இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்

2013ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மூன்று வாய்ப்பு எழுதியிருக்கிறது. திட்டத்தால் வேலை உருவானால், பயிற்சி கொடுத்துக் குடும்பத்தில் ஒருவருக்காவது வேலை. இல்லையென்றால் ஒரே தடவையாக ரூ.5 லட்சம். அதுவும் இல்லையென்றால் மாசம் ரூ.2,000க்குக் குறையாமல் 20 வருஷம். அப்படியானால் வேலை என்பது தரகர் போடும் பிச்சை அல்ல, சட்டத்தில் எழுதிய உரிமை!

ஆனால் கவனியுங்கள். குத்தகைக்குக் கொடுத்தால் இந்த உரிமை தானாக வராது. குழாய் பதிக்க 1962ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும், உபயோக உரிமை மட்டும் அவர்களுக்குப் போகும். சேதத்துக்கான நஷ்டஈடு போக, நில மதிப்பில் 10 சதவீதம் கொடுப்பார்கள். அந்தப் பட்டையில் நீங்கள் கிணறு வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. வேலை பற்றி ஒரு வரி இல்லை. புரோக்கர் ஏன் குத்தகை, குழாய் என்றே பேசுகிறார் என்று இப்போது புரிகிறதா?

நாகை மாவட்டம் நரிமணத்தில் 1993 முதல் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. அங்கே ஆண்டுக்கு 90 லட்சம் டன் ஆலை அமைக்க 2021 பிப்ரவரி 17இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு நிலம் கொடுத்த பனங்குடி சுற்றுவட்டார மக்கள், மறுவாழ்வு மறுகுடியமர்வுக்கான தொகை கேட்டு 2024இல் வெயிலில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. சட்டம் இருந்தும் போராட்டம் இல்லாமல் எதுவும் கைக்கு வருவதில்லை என்பதுதான் பாடம்.

இன்னொன்று. 2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டப்படி, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும் அந்தச் சட்டத்தில் சேர்ந்த மற்றப் பகுதிகளிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை இருக்கிறது. ஏற்கெனவே ஓடுகிறவற்றுக்குத்தான் விலக்கு. ஆகவே "புதுக் கெணறு வருது, வேலை வருது" என்பவனிடம், "எந்த உத்தரவுல வருது? காட்டு!" என்று கேளுங்கள்.

சங்கம் வேலையைக் கெடுக்கிறதா?

தமிழ்நாட்டில் ஓ.என்.ஜி.சி.யில் பாதுகாப்பு வேலை பார்த்த தொழிலாளர்கள், நிரந்தரம் கேட்டுச் சங்கமாகச் சேர்ந்து வழக்காடினார்கள். 1999இல் தொழில் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் சொன்னது. நிர்வாகம் மேலே மேலே போனது. 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தொழிலாளர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பாயத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரைக்குமே பதினாறு வருஷம்! அதைத் தாங்கி நின்றது எந்தப் புரோக்கர்? சங்கம்தான். என் தம்பி தனியாளாக நின்றான், தோற்றான். அவர்கள் சேர்ந்து நின்றார்கள், ஜெயித்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. பத்திரத்தில் இல்லாத வேலை வேலையே அல்ல. எழுதாத எதற்கும் கையெழுத்து வேண்டாம். படித்த ஒருவரை வைத்து முழுசாக வாசிக்கச் சொல்லிவிட்டு, நகலையும் வாங்குங்கள்.

2. வேலைக்கென்று யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் வெட்கப்படாமல் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.

3. கான்ட்ராக்டில் இருக்கும் பிள்ளைகள் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் மூன்றையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

4. அடுத்த கிராம சபையில் நாம் கொண்டுவரும் தீர்மானம் இது: ஏற்கெனவே இருக்கும் கிணறுகளில், நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கான்ட்ராக்டர் மாறினாலும் வேலை மாறக் கூடாது. கெட்டுப்போன வயலைச் சீர்செய்து ஒப்படைக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாத வேலைக்கு, எழுதிக் கொடுக்கும் நிலம் விலையாகாது என்கிறோம். எங்கள் அப்பா அன்றைக்குக் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் இன்றைக்குக் கேளுங்கள்!

வாய் வார்த்தைக்கு வயல் கொடோம்!
எழுத்தில் கொடு! நிரந்தரமாய்க் கொடு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
ஒன்றியச் செயலாளர்,
விவசாயிகள் சங்கம்