உலகம் எங்கே இருக்கிறது?

கிறிஸ்தவக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தப் பிரசங்கம் மனப்பாடமாகவே ஆகியிருக்கும். காலம் கெட்டுவிட்டது. வாலிபர்கள் கையில் செல்போன் வந்துவிட்டது. சினிமா, கிரிக்கெட், இன்டர்நெட், காதல், நாத்திகம், மேல்நாட்டு நாகரிகம்... எல்லாம் சேர்ந்து விசுவாசிகளைப் பின்மாற்றத்தில் தள்ளுகின்றன. கடவுளையே மறந்துபோன இந்தக் காலத்தில் வேதத்துக்கு உண்மையாக நிற்க வேண்டுமானால் உலகத்தை விட்டுப் பிரிந்து வாருங்கள். இதுதான் சாராம்சம்.

"கிறிஸ்துவின் போதனைக்கு உண்மையாக இருக்கிறோமா?" என்று அந்தப் பிரசங்கம் கேட்கிறதே, அது மிகச் சரியான கேள்வி. ஆனால் அது விரல் நீட்டிக் காட்டும் எதிரி தப்பான எதிரி. இதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 59.3 சதவீதம். 2021-ல் அது 46.2 சதவீதம். பாதிக்கும் கீழே போனது அதுவே முதல் முறை. அங்கே இருக்கும் ஒரு போதகர் காலத்தைப் பார்த்துப் புலம்பினால் அதில் நியாயம் உண்டு.

நம் ஊருக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர், அதாவது 6.12 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ போய்ப் பாருங்கள். தெருவெல்லாம் வேதப் புத்தகத்தோடு ஜனங்கள் நடந்து போகிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வேளாங்கண்ணிச் சாலையைப் பாருங்கள். நம்மிடம் பக்திக்கு ஒரு குறையும் இல்லை. லண்டனில் இருக்கும் நோயாளிக்கு எழுதிய மருந்துச் சீட்டை வாங்கி வந்து நாம் ஏன் மருந்து சாப்பிட வேண்டும்?

இன்னொன்று. "மதச்சார்பற்ற" என்ற சொல்லையே சிலர் சாபம்போல உச்சரிக்கிறார்கள். அவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இந்திய அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மனச்சாட்சிப்படி ஒரு மதத்தை நம்பவும், பின்பற்றவும், பரப்பவும் உரிமை தருகிறது. நூற்றுக்கு ஆறு பேராக இருக்கும் நாம் பயமில்லாமல் ஜெபக்கூட்டம் போட முடிவதற்கு மதச்சார்பற்ற சட்டம்தான் காரணம். அதைத் திட்டுவது நுனிமரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுகிற வேலை.

அப்படியென்றால் நம்மை விசுவாசத்திலிருந்து இழுக்கும் 'உலகம்' எது?

ரோமர் 12:2-ஐ எடுத்துப் பேசாத கன்வென்ஷன் கிடையாது. சுற்றியிருக்கும் உலகம் எந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறதோ அதே அச்சில் நீயும் வார்க்கப்பட்டுவிடாதே என்பது அதன் கருத்து. சரி, தமிழ்நாட்டில் நம்மைச் சுற்றியிருக்கும் அந்த அச்சு எது? சினிமா வந்து நூறு வருடத்துக்குமேல் ஆகிறது. செல்போன் நேற்று வந்தது. ஆயிரக்கணக்கான வருடங்களாக இந்த மண்ணில் மனிதனை வார்த்துக்கொண்டிருக்கும் அச்சு ஒன்றுதான்: சாதி. அந்த அச்சில் நாம் அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்துகொண்டு சினிமாவைக் கண்டித்துப் பிரசங்கம் கேட்கிறோம்.

எங்கள் விடுதியில் ஜெபக்குழு நடத்தும் ஒரு அண்ணன் உண்டு. நல்லவர். சிகரெட் பிடிப்பவனைக் கண்டால் கண்ணீரோடு ஜெபிப்பார். கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அதெல்லாம் வீட்ல பாப்பாங்கப்பா, நம்ம ஆளுங்களுக்குள்ளதான்." அந்த 'நம்ம ஆளுங்க' கிறிஸ்தவர்கள் அல்ல என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சினிமாவுக்குப் போனவன் சாட்சி கெட்டுப்போனது அந்த அறைக்குத் தெரிந்தது. இது மட்டும் தெரியவில்லை.

இது புதுக் கதையும் அல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கினார். அங்கே உருவான லுத்தரன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து உடனே, முழுவதுமாக விலக்க வேண்டும் என்றார். நடந்தது என்ன? தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கீழ்ப்படிய மறுத்துச் சபையை விட்டே விலகினார்கள். சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை நாம் இன்றும் மனம் உருகிப் பாடுகிறோம். அவர் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அத்தனை பக்தியாலும் அசைக்க முடியாத ஒன்று இருந்ததே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கத்தோலிக்கர் பக்கம் நிலைமை இதைவிட மேல் என்று சொல்ல முடியாது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். ஒரே பீடம், அதை நோக்கி வரும் இரண்டு நீளக் கூடங்கள். பிள்ளை, முதலி சாதியார் ஒரு கூடத்தில், நாடார் முதலிய மற்றவர்கள் இன்னொரு கூடத்தில். நடுவே சுவர். இரு பக்கமும் ஒரே நற்கருணையை வாங்குவார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை! 1910-ல் பாதிரியார் கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்து, கடைசியில் கேட்டவர்கள் தோற்றார்கள். கிறிஸ்துவின் சபையில் சாதிச் சுவர் எழுப்பும் உரிமை உனக்கில்லை என்று கிறிஸ்தவனுக்குச் சொல்ல ஒரு கோர்ட் வேண்டியிருந்தது. 'மதச்சார்பற்ற உலகம்' நம் போதனையைக் கெடுக்கிறது என்பவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

அதே 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா அங்கே பேசினார். எங்களுக்காகப் பணமும் உழைப்பும் தந்தீர்கள், ஆனால் எங்களைச் சமமான நண்பர்களாக நடத்தவில்லை என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தப் பேச்சைப் பெருமையாக நினைவுகூர்கிறோம். அதே கேள்வியைச் சேரியிலிருந்து ஒரு கிறிஸ்தவர் நம்மிடம் கேட்டால் நம் பதில் என்ன?

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2003-ல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் பேசும்போது சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராட, மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒரு தலித் கர்தினால் ஆனது 2022-ல்தான். ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலாதான் அந்த முதல் ஆள்.

புரொட்டஸ்டன்ட் பக்கம்? 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளும் ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் தீராத சண்டைகளை நாம் தீர்த்தோம். உலகமே வியந்தது. ஆனால் இன்று திருமண்டலத் தேர்தல் வந்தால் யார் எந்த அணி என்பது எதை வைத்து முடிவாகிறது? உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில்களையும் பார்த்துவிடுவோம்.

"சாதி சமுதாய வழக்கம் தம்பி, அதற்கும் ஆத்துமாவுக்கும் சம்பந்தமில்லை." வில்சனுக்குச் சொல்லப்பட்டதும் இதே பதில்தான். அப்படியானால் சினிமா டிக்கெட்டுக்கும் ஆத்துமாவுக்கும் மட்டும் என்ன சம்பந்தம்? இரண்டரை மணி நேரம் படம் பார்ப்பது ஆவிக்குரிய பிரச்சினை. சக விசுவாசியின் வீட்டில் பெண் எடுக்க மறுப்பது வெறும் சமுதாய வழக்கமா? கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுதந்திரன் என்ற பேதம் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதியபோது பவுலும் அன்றைய 'சமுதாய வழக்கத்தை'ப் பற்றித்தான் எழுதினார்.

"உள் விஷயத்தை வெளியே பேசினால் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும்." இதில் அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடமில்லை. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். அந்த அநியாயத்தை எதிர்த்து ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு தினம் அனுசரிக்கிறோம். "மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை" என்று தெருவில் முழங்குகிறோம். அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை" என்கிறோம். இதில் எதை ஒருவன் நம்புவான்? கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. அதைப் பலவீனப்படுத்துவது உண்மையைப் பேசுகிறவன் அல்ல. அந்தக் கொடுமையை உள்ளே நடத்திக்கொண்டு வெளியே நியாயம் கேட்கிறவன்தான்.

"சொல்வது சுலபம். சாதி மாறிக் கட்டினால் சொந்தம் விட்டுப்போகும், தங்கைக்கு மாப்பிள்ளை வராது. சில ஊர்களில் வெட்டவே செய்வார்கள்." இந்தப் பதிலை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பயம் நிஜமானது. ஆணவக் கொலைச் செய்திகளைப் படிக்காதவர் யார்? ஆனால் கிறிஸ்துவின் போதனைக்கு உண்மையாக இருப்பதென்றால் விலை கொடுக்க வேண்டும் என்பதைத்தானே இத்தனை வருடமாகப் பிரசங்கித்தோம்? சினிமாவை விட்டால் என்ன நஷ்டம்? நூற்றைம்பது ரூபாய் மிச்சம். சாதியை விட்டால்தான் நிஜமாகவே எதையாவது இழப்போம். விலை குறைந்த கீழ்ப்படிதலையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குப் பரிசுத்தம் என்று பெயர் வைக்கலாமா?

நாம் பயப்படும் நாத்திகர்களையே பாருங்கள். பெரியாரின் தொண்டர்கள் சுயமரியாதைத் திருமணங்களை 1920களிலிருந்தே நடத்தினார்கள். தமிழ்நாட்டுச் சட்டம் அவற்றை அங்கீகரித்தது 1967-ல். அதற்குள் எத்தனையோ சாதி மறுப்புத் திருமணங்கள் நடந்துவிட்டன. அவர்களிலும் எல்லாரும் யோக்கியமில்லை, தெரியும். ஆனாலும் பரலோகமும் இல்லை, நரகமும் இல்லை என்று நம்பிய ஒருவன் சாதியை உதறித் தாலி கட்டினான். நித்திய ஜீவனை நம்பும் நாம் திருமணத் தகவல் மையத்தில் சாதி, உட்பிரிவு எல்லாம் நிரப்பிக்கொடுத்து, கூடவே 'இரட்சிக்கப்பட்டவராக இருக்க வேண்டும்' என்றும் ஒரு வரி சேர்க்கிறோம். இதில் வேதத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். சபைப் பத்திரிகையும் சபை நடத்தும் திருமணத் தகவல் மையமும் சாதி கேட்பதை நிறுத்தட்டும். கல்லறைத் தோட்டத்தில் சுவரோ தனி மூலையோ இருந்தால் அதை எடுக்கட்டும், செத்தவர்களாவது சேர்ந்து படுக்கட்டும். சாதி மாறிக் கல்யாணம் செய்ய வரும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்பாமல், போதகரே முன்னின்று நடத்தி வைக்கட்டும். மதுவையும் சினிமாவையும் கண்டிக்கிற அதே குரலில் வருடத்துக்கு நான்கு ஞாயிறாவது சாதியைப் பேர் சொல்லிக் கண்டிக்கட்டும்.

என்னைப் போன்ற மாணவர்களுக்கு இன்னும் ஒன்று. இன்னும் நான்கைந்து வருடத்தில் நம் வீட்டில் பெண் பார்ப்பார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள். நம் விசுவாசத்துக்கு உண்மையான பரீட்சை அன்றைக்குத்தான். அன்று யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் அம்மாவின் கண்ணீரும் பெரியப்பாவின் மிரட்டலும் நமக்காக யோசித்து முடித்துவிடும். அதனால் "நம்ம ஆளுங்க" என்றால் யார் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அதை வீட்டிலும் இப்போதே சொல்லிவையுங்கள்.