‘இல்லை’ என்னும் விடையும் தேடுபொறியும்

சங்க நூல்களில் ஒரு சொல் பயின்று வரவில்லை என நிறுவ விரும்பிய ஆய்வாளர் முன்பு சொல்லடைவையும் மூலத்தையும் புரட்டிப் பார்த்தார். இன்று அச்சொல் மின்பதிப்பின் தேடற்பெட்டியில் இடப்படுகின்றது. ‘முடிவுகள் இல்லை’ என எந்திரம் கூறும் விடையே ஆய்வேட்டில் முடிவாகவும் ஏறிவிடுகின்றது. தேடுதொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர் அதன் விரைவையும் கொள்ளளவையும் வியக்கின்றனர். எந்திரம் கூறும் ‘இல்லை’ எத்தகையது என்னும் வினாவை எழுப்புவோர் அரியர். தமிழாய்வுக்கு அவ்வினாவே தலையாயது.

எழுத்து வரிசையை மட்டும் ஒப்பிடும் தேடலில் ‘பொன்’ என இட்டால் ‘பொற்குடம்’ கிட்டாது. ‘செல்’ என இட்டால் ‘சென்றான்’ கிட்டாது. ‘கல்’ என இட்டால் ‘கற்றூண்’ விடுபடும். தொடர்பற்ற ‘கல்வி’ வந்து நிற்கும். பழைய அச்சு நூல்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ முதலியவற்றின் வடிவங்களில் பயிற்சி பெறாத எழுத்துணரி அவற்றைப் பிழைபடவே வாசிக்கும். பிழைபட வாசிக்கப்பட்ட சொல் நூலில் இருந்தும் இல்லாததாகிவிடுகின்றது.

நூலக அட்டவணையிலும் இக்குறை உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்கள் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். ஆனால் நூல் சேர்ந்தால் மட்டும் போதாது. உரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது மீக்குறிகளை விட்டுவிட்டால் கலை, களை, கழை ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடும். பெயர்கள் இணைக்கப்படாத அட்டவணையில் புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் இருவராவர்.

செயற்கை நுண்ணறிவு இவற்றையெல்லாம் தானே தீர்த்துவிடும் என்பர் சிலர். 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பரவிய உரையாடு எந்திரங்கள் சொல்லைக் கடந்து பொருளையும் தேட முயல்வது உண்மையே. எனினும் நூல், பதிப்பு, பக்கம் ஆகியவற்றைச் சுட்டாத விடை சான்றாகாது. இல்லாத நூலையும் உள்ளதுபோல் கூறும் இயல்பு அவற்றுக்கு உண்டு. எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பது. நேரத்தைக் காப்பது வேறு; சரிபார்க்கும் கடமையினின்று வாசகரை விடுவிப்பது வேறு.

‘இது கணினியாளர் பணி’ என ஒதுங்கும் தமிழ்த்துறைகளே இந்நிலைக்கு முதற்பொறுப்பாளர்கள். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் புணரியல் தொடங்கி ஆறு இயல்கள் புணர்ச்சியை விரித்துரைக்கின்றன. அவ்விதிகளைக் கற்பிக்கும் துறைகள் சொற்பிரித்த மூலபாடங்களை உருவாக்குவதை ஆய்வுப் பணியாக ஏற்பதில் என்ன தடை? புனைபெயர்களையும் இயற்பெயர்களையும் இணைக்கும் ஆசிரியர் பெயரடைவு ஏன் முனைவர் பட்டத்திற்குரிய தலைப்பாகக் கூடாது? ஒவ்வொரு மின்பதிப்பும் தன் மூலப்பதிப்பையும் மெய்ப்புத் திருத்தத்தின் அளவையும் முகப்பிலேயே அறிவித்தல் வேண்டும். மின்தேடலை மட்டும் சான்றாகக் காட்டி ‘இல்லை’ என்னும் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்றல் கூடாது.

எதிர்கால நூலகம் எவ்வளவு விரைந்து விடை தரும் என்பதில் ஐயமில்லை. அவ்விடை தமிழ் இலக்கணம் அறிந்ததாக அமையுமா என்பதைத் தமிழறிஞர்களின் இன்றைய உழைப்பே முடிவு செய்யும்.