ஒரு முறை அளந்தால் போதுமா?

இயற்பியல் செய்முறை வகுப்பில் தனி ஊசலை நீங்கள் ஆட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு இடத்துக்குத் திரும்ப ஆசிரியர் விடுவதில்லை. 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் காணவேண்டும். அதையும் இரண்டு தடவை காணவேண்டும். பிறகு சராசரி எடுக்கவேண்டும். ஏன் இத்தனை பாடு? நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே கணத்தில் அழுத்துவதில்லை. அந்தச் சிறு பிழையைப் பல அலைவுகளில் பங்கிட்டுக் குறைக்கிறோம்.

பள்ளியை விட்டதும் இந்தப் பாடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை மறந்தால் எவ்வளவு பெரிய வேலையிலும் தடுமாற நேரும் என்பதற்கு, கணிப்பொறித் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லி, அதைப் பற்றிய என் கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பல பொறிகள், ஒரே பேரேடு

தேர்வு முடிவு வெளியாகும் நேரத்தில் இலட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் தங்கள் பதிவு எண்ணைத் தட்டுகிறார்கள். ஒரே ஒரு கணிப்பொறி இத்தனை பேருக்கும் பதில் சொல்வது கடினம். எனவே தகவல்களைப் பல கணிப்பொறிகளில் பரப்பி வைக்கும் முறை ஒன்று உண்டு. இதைப் பரவல் தரவுத்தளம் என்பார்கள். 2009ஆம் ஆண்டு வெளிவந்த மாங்கோடிபி இவ்வகையைச் சேர்ந்தது. ஒரே தகவலின் பிரதிகள் பல பொறிகளில் இருக்கும். அவற்றுள் ஒன்று முதன்மைப் பொறி. புதிதாக எழுதுவதெல்லாம் முதலில் அங்கேதான். அது பழுதானால் மற்றப் பொறிகள் தமக்குள் வாக்கெடுப்பு நடத்தி வேறொன்றை முதன்மையாக்கிக்கொள்ளும்.

இத்தகைய மென்பொருள் எழுதி முடித்து மூடி வைக்கும் நூல் அல்ல. பல பொறியாளர்கள் நாள்தோறும் அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஒரு திருத்தம் விடையைத் தவறாக்கினால் உடனே தெரிந்துவிடும். ஆனால் விடை சரியாகவே இருந்து, வேகம் மட்டும் சற்றுக் குறைந்தால்? அதைக் கண்ணால் காண முடியாது. ஒவ்வொரு திருத்தமும் வேகத்தை 2 விழுக்காடு மட்டுமே குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 20 திருத்தங்கள் நடந்தபின் கணக்கிட்டுப் பாருங்கள். வினாடிக்கு 100 வேலை செய்த பொறி ஏறத்தாழ 67 வேலைதான் செய்யும். மூன்றில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. ஆனால் எந்த ஒரு நாளும் யாருக்கும் பெரிய குற்றமாக எதுவும் படவில்லை!

ஆகவே வேகத்தை ஓயாமல் அளக்கவேண்டும். அதை மனிதர் கையால் செய்வது இயலாத காரியம். பல பொறிகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் மென்பொருளை நிறுவி, தகவல்களை ஏற்றி, கேள்விகளை மழையாகப் பொழிந்து, நேரத்தைக் குறித்து, முடிந்ததும் எல்லாவற்றையும் கலைக்கவேண்டும். இதில் ஒரு படியை ஒருவர் மறந்தாலும் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியாது. மாங்கோடிபி பொறியாளர்கள் இந்த வேலை முழுவதையும் ஒரு தானியங்கி ஏற்பாட்டிடம் ஒப்படைத்தார்கள். 2020ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, அந்த ஏற்பாடு ஏறக்குறைய 200 வகைச் சோதனைகளை நாள்தோறும் நடத்தியது.

பக்கத்து வீட்டு இரைச்சல்

இங்கேதான் நம் ஊசல் மீண்டும் வருகிறது. சோதனைக்கான பொறிகள் கிளவுட் எனப்படும் வாடகைக் கணிப்பொறிக் கூடத்தைச் சேர்ந்தவை. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு இவ்வகை வாடகைச் சேவையைத் தொடங்கியது. அங்கே ஒரு பெரிய பொறியைப் பல வாடகைக்காரர்கள் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து பல வீடுகளுக்குத் தண்ணீர் போவதைப் போன்றது இது. பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்தால் நம் வீட்டில் தண்ணீர் மெல்ல வரும். திருத்தம் எதுவும் செய்யாமலே சோதனையின் எண் இன்று ஒன்றாகவும் நாளை வேறாகவும் வரும். இதை இரைச்சல் என்பது வழக்கம்.

“நமக்குச் சில சமயம் நல்ல பொறி கிடைக்கிறது, சில சமயம் கெட்ட பொறி கிடைக்கிறது, அதனால்தான் இந்த வேறுபாடு” என்பது பரவலாக நிலவிய நம்பிக்கை. “பொறியோடு சேர்ந்த நினைவகத் தட்டுதான் நிலையாக இருக்கும், வலைப்பின்னல் வழியே இணைத்த தட்டு அப்படி இராது” என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. மாங்கோடிபி பொறியாளர்கள் இவற்றை அப்படியே ஏற்காமல் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நல்ல பொறி, கெட்ட பொறி என்ற பிரிவுக்கு அவர்களுடைய சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்கள் பயன்படுத்தியவற்றுள், குறிப்பிட்ட வேகத்துக்குப் பணம் கட்டி வலைப்பின்னல் வழியே இணைத்த தட்டுகளே நிலையான எண்களைத் தந்தன. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு மையச் செயலகம் இடையிடையே உறங்குவதும் வேகத்தை மாற்றிக்கொள்வதும்கூட இரைச்சலுக்கு ஒரு காரணம் என்று தெரியவந்தது. அந்த அமைப்புகளை நிலைப்படுத்தியதும் எண்கள் அடங்கின. கருவியைக் கொண்டு அளப்பதற்கு முன் கருவியையே அளந்து பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

புலி வருது, புலி வருது!

இரைச்சலைக் குறைக்கலாம், அறவே ஒழிக்க முடியாது. அப்படியானால் எண் குறையும்போது அது உண்மையான பின்னடைவா, வெறும் இரைச்சலா என்று எப்படி அறிவது? முதலில் வரைபடங்களை மனிதர்களே பார்த்து முடிவு செய்தார்கள். பிறகு, குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் எண் மாறினால் மணி அடிக்கட்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். வம்பு இங்கேதான். எல்லையைச் சிறிதாக வைத்தால் இரைச்சலுக்கெல்லாம் மணி அடிக்கும். புலி வருது, புலி வருது என்று நாள்தோறும் கூவினால், உண்மையில் புலி வரும் நாளில் யார் எழுந்து ஓடுவார்கள்? எல்லையைப் பெரிதாக வைத்தாலோ, நாம் மேலே பார்த்த 2 விழுக்காட்டுத் திருடன் ஒருநாளும் பிடிபடமாட்டான்.

அவர்கள் கண்ட வழி, ஒருநாள் எண்ணை மறுநாள் எண்ணோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, பல நாள் எண்களை ஒரே வரிசையாகப் பார்ப்பது. வரிசையை எந்த இடத்தில் இரண்டாக வெட்டினால் முன்பகுதியும் பின்பகுதியும் மிக வேறுபட்டு நிற்கின்றன என்று கணிப்பொறி தேடும். வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்க, எண்களைச் சீட்டுக்கட்டுப் போலப் பலமுறை கலைத்துப் போடும். கலைத்த வரிசைகளிலும் அதே அளவு வேறுபாடு அடிக்கடி வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். அரிதாகவே வந்தால், வெட்டிய இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இந்த முறைக்கு மாறியதும் பொய் எச்சரிக்கைகள் பெரிதும் குறைந்தன. முன்பு தப்பிய சிறு பின்னடைவுகளும் அகப்பட்டன. பின்னடைவுகளை உரிய நேரத்தில் கண்டதால், ஒன்றைத் தவிர மற்றப் பெரிய பின்னடைவுகள் யாவும் 4.2.0 பதிப்பு வெளியாகும் முன்பே சரிசெய்யப்பட்டன என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தீர்ப்பு யாருடையது?

“நாள்தோறும் இத்தனை பொறிகளுக்கு வாடகை கொடுப்பது வீண் செலவு அல்லவா? பதிப்பு வெளியிடும் முன் ஒரு தடவை சோதித்தால் போதாதா?” என்று கேட்பவர் உண்டு. போதாது என்பதே என் கருத்து. நேற்றுச் செய்த திருத்தத்தால் வேகம் குறைந்தது என்று இன்று சொன்னால், எழுதியவருக்கு எல்லாம் நினைவில் இருக்கும். ஒரு மணி நேரத்தில் சரிசெய்வார். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், நூற்றுக்கணக்கான திருத்தங்களுக்குள் குற்றவாளியைத் தேடவேண்டும். அதற்குள் அதன்மேல் வேறு பல திருத்தங்கள் கட்டப்பட்டிருக்கும். வாடகையை மிச்சம் பிடித்து உழைப்பை வாரியிறைப்பது சிக்கனம் ஆகாது.

ஆனால் “எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்” என்று கைகட்டி உட்காருவோரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே சொன்ன ஏற்பாட்டிலும் கணிப்பொறி தருவது சந்தேகப் பட்டியல் மட்டுமே. அதைப் படித்து, எது கவனிக்கத்தக்கது என்று முடிவு செய்பவர் மனிதர். அது சரியான ஏற்பாடு. ஏனெனில், எதை அளக்கச் சொன்னோமோ அதை மட்டுமே இயந்திரம் அளக்கும். 100 கேள்விகளில் 99க்கு 10 மில்லி வினாடியில் பதில் வந்து, ஒன்றுக்கு மட்டும் ஒரு முழு வினாடி ஆனால், சராசரி 20 மில்லி வினாடிக்கும் குறைவுதான். சராசரியை மட்டும் பார்ப்பவர் மகிழ்ந்து போவார். காத்திருந்த அந்த ஒருவர் மகிழமாட்டார். சராசரி போதுமா, கடைசியாக நிற்பவரின் நேரத்தையும் குறிக்கவேண்டுமா என்று கேட்பது இயந்திரத்தின் வேலை அல்ல, நம் வேலை.

மாணவ நண்பர்களே! சலிக்காமல் ஒரே விதமாக மீண்டும் மீண்டும் அளப்பதை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். அதில் அது நம்மைவிடச் சிறந்தது. எதை அளப்பது, எந்த நம்பிக்கையைச் சோதிப்பது, வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற மூன்று கேள்விகளை மட்டும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். “எங்கள் பொறி இரண்டு மடங்கு வேகம்” என்று ஒரு விளம்பரம் சொல்லும்போது, எத்தனை தடவை அளந்தார்கள், எண்கள் எவ்வளவு ஏறி இறங்கின என்று கேளுங்கள். அந்த விவரம் இல்லாத எண்ணை நம்புவதற்கு அவசரப்படவேண்டாம்.