ஸ்டென்ட்டை டிசைன் செய்யுது கம்ப்யூட்டர்... நம் ரத்தக்குழாய் அதுக்குத் தெரியுமா?

சிவகாசி அச்சகங்களில் மைக்ரான் கணக்கு புதிதல்ல. லேமினேஷன் ஃபிலிம் எத்தனை மைக்ரான் என்று கேட்டுத்தான் ஆர்டரே கொடுப்பார்கள். அதே ஊர்க்காரர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தால், அது எத்தனை மைக்ரான் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. ‘ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மெல்லிய உலோகக் குழாயை லேசரில் வெட்டிச் செய்யும் வலைதான் ஸ்டென்ட். 20 வருஷத்துக்கு முன்பு பிரபலமாக இருந்த ‘சைஃபர்’ ஸ்டென்ட்டின் கம்பித் தடிமன் 140 மைக்ரான். பிறகு வந்த ‘சையன்ஸ்’ 81. சூரத்தைச் சேர்ந்த சஹஜானந்த் நிறுவனத்தின் ‘சுப்ராஃப்ளெக்ஸ் க்ரூஸ்’ வெறும் 60. ஒரு ஏ4 ஜெராக்ஸ் தாளே சுமார் 100 மைக்ரான் இருக்கும்!

ஏன் இந்த மெலிவு? தடித்த கம்பியின் ஓரத்தில் ரத்தம் சுழன்று தேங்கும், உறையும் அபாயம் கூடும். ரொம்ப மெலிதாக்கினாலோ குழாயைத் தாங்கும் பலம் போய்விடும். ஸ்டீலைவிட வலுவான கோபால்ட்-குரோமியத்துக்கு நிறுவனங்கள் மாறியது இதனால்தான்.

கம்ப்யூட்டர் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்டென்ட்டின் படத்தை லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, பலூன் மேல் சுருக்குவது, ரத்தக்குழாய்க்குள் விரிப்பது, வளைவில் மடங்குவது என ஒவ்வொன்றையும் திரையிலேயே நடத்திப் பார்க்கிறார்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 10 வருஷத்தில் கிட்டத்தட்ட 38 கோடி துடிப்பு. அவ்வளவையும் தாங்குமா என்று இயந்திரத்தில் வைத்து வேகமாக ஆட்டிப் பார்த்தாலே மாதக்கணக்காகும். எந்த வளைவில் விரிசல் விடும் என்று சிமுலேஷன் முன்கூட்டியே காட்டிவிட்டால், தேறாத டிசைன்களை வெட்டாமலேயே ஒதுக்கிவிடலாம். நேரமும் பணமும் மிச்சம்.

2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு ரூ.29,600 என உச்சவரம்பு வைத்தது. அதுவரை ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றது. விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாத சந்தையில் இந்த மிச்சம் சின்ன விஷயமல்ல.

ஆனால், திரையில் ஜெயித்தால் போதுமா? அபாட் நிறுவனத்தின் ‘அப்சார்ப்’ கரையும் ஸ்டென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில வருஷத்தில் தானே கரைந்துவிடும் என்பது அருமையான யோசனைதான். ஆனால் அது பாலிமர். உலோகத்தின் வலு கிடையாது. அதனால் கம்பியைச் சுமார் 150 மைக்ரானுக்குத் தடிமனாக்க வேண்டியிருந்தது. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது உலோக ஸ்டென்ட்டைவிட ரத்த உறைவு அதிகம் என்று தெரிந்தது. 2017 செப்டம்பரில் உலகம் முழுக்க விற்பனை நிறுத்தம்.

இன்னொரு உதாரணம், நம் நாட்டிலேயே. சர்க்கரை நோயுள்ள 1,830 பேரிடம் நடந்த டக்சீடோ ஆய்வு 2015-ல் வெளியானது. ஒப்பிட்ட இரண்டு ஸ்டென்ட்களுக்கும் தடிமன் 81 மைக்ரான்தான். பூசிய மருந்து மட்டும் வேறு (உலோகக் கலவையும் கொஞ்சம் மாறும்). ஓராண்டில் ஒன்று 5.6% பேரிடம் தோற்றது, மற்றொன்று 2.9% பேரிடம்தான். கம்பியின் வடிவத்தை மட்டும் கணக்குப் போடும் சிமுலேஷனுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது. கால்சியம் படிந்து இறுகிய, சர்க்கரையால் பாதித்த குழாயை மாடலில் கொண்டுவருவதும் லேசான வேலையில்லை.

சுப்ராஃப்ளெக்ஸும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட பிறகுதான் பெயர் வாங்கியது. ஐரோப்பாவில் 1,435 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் சையன்ஸுக்கு அது சளைக்கவில்லை. 2019-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது.

அப்போ ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் என்ன செய்யலாம்? மருத்துவமனை பில்லை எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டி, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண்ணையும் குறிப்பிட வேண்டும் என்பது 2017 விலை உத்தரவிலேயே உள்ள விதி. அந்தப் பெயரைச் சொல்லி, ‘இதை சுகர் உள்ளவங்ககிட்ட எத்தனை வருஷம் பார்த்திருக்காங்க டாக்டர்?’ என்று அடுத்த செக்கப்பில் கேட்கலாம்.