பூட்டிய வீட்டில் பிறந்த கலை

வீட்டுக் கதவை அடைத்துவிடலாம். மனிதனின் கையைக் கட்டிப்போட முடியுமா?

முடியாது என்று காட்டியது ஒரு கண்காட்சி. அது நடந்த இடம், இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் நகரம். பஞ்சாலைகளால் பேர் பெற்ற ஊர் அது. நம் கோயம்புத்தூரைத் "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று சொல்வது அதனால்தான்.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம், கொரோனா நோய் காரணமாக இங்கிலாந்தில் ஊரடங்கு வந்தது. அதே வாரத்தில் நம் நாட்டிலும் வந்தது. பள்ளிக்கூடம் இல்லை. சினிமா இல்லை. பெற்ற மகளைப் போய்ப் பார்க்கவும் வழி இல்லை.

அந்த நேரத்தில் கிரேசன் பெர்ரி என்ற கலைஞர் ஒரு காரியம் செய்தார். அவர் மண்பாண்டம் செய்து, அதன் மேல் சித்திரம் தீட்டுகிறவர். 2003-ல் டர்னர் பரிசு என்ற பெரிய பரிசைப் பெற்றவர். அவரும் அவர் மனைவியும் தங்கள் பட்டறையில் இருந்தபடியே டெலிவிஷனில் தோன்றினார்கள். மக்களும் வீட்டில் இருந்தே ஏதாவது செய்து அனுப்பலாம் என்று அழைத்தார்கள்.

வாரம் ஒரு தலைப்பு. உருவப்படம், பிராணிகள், கற்பனை, ஜன்னலில் தெரியும் காட்சி, வீடு, பிரிட்டன் என்று 6 தலைப்புகள்.

ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன! அவற்றில் தேர்ந்தெடுத்தவை மான்செஸ்டர் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன. புகழ்பெற்ற கலைஞர்கள் செய்தவையும், சாதாரண மக்கள் செய்தவையும் ஒரே கூடத்தில் இடம் பெற்றன.

அந்தக் கண்காட்சியையும் ஊரடங்கு விடவில்லை. 2020 கடைசியில் திறக்க நினைத்தார்கள். மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. 2021 மே மாதம்தான் மக்கள் உள்ளே வந்து பார்க்க முடிந்தது.

கலவைக் கலை

இந்த மாதிரிக் கண்காட்சிகளில் "கலவைக் கலை" என்று ஒரு வகை உண்டு. பேர்தான் புதிது. விஷயம் எளிது. வர்ணத்தோடு துணி, நூல், காகிதம், அட்டை, மரத்துண்டு என்று பலதையும் சேர்த்து ஒரே படமாக ஆக்குவது.

பிக்காசோ என்ற மேதை 1912-ம் ஆண்டிலேயே இதைச் செய்தார். பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் படத்தில் ஒட்டினார். சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிற்றைக் கட்டினார்.

ஊரடங்குக் காலத்துக்கு இந்தக் கலை பொருத்தமாக அமைந்தது. வர்ணம் வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. பெட்டியில் கிடந்த பழந்துணி போதும். சாமான் வந்த அட்டைப்பெட்டி போதும்.

தகுதி உண்டா?

"கற்றுத் தேர்ந்தவர்களின் படம் இருக்க வேண்டிய இடத்தில், கண்டவர் செய்ததை மாட்டலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

சிறந்த கலையைக் காட்டுவது கலைக்கூடத்தின் கடமை. நாடு பட்ட பாட்டுக்குச் சாட்சி வைப்பதும் அதன் கடமையே. எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று சர்க்கார் கணக்குச் சொல்லும். தனியாக இருந்த பாட்டிக்கு, ஜன்னல் வழியே வெறிச்சோடிய தெரு எப்படித் தெரிந்தது என்று எந்தக் கணக்குச் சொல்லும்? அதை அவள் கைவேலைதான் சொல்லும்.

கூலி இழந்த குடும்பத்துக்குக் கலை சோறு போடாது. உயிரை இழந்த வீட்டுக்கு அதைத் திருப்பித் தராது. இதை மறக்கக் கூடாது. ஆனால், "நான் தனியாக இல்லை" என்ற தைரியத்தை அது கொடுத்தது. இங்கிலாந்துக் குழந்தைகள் வானவில் வரைந்து ஜன்னலில் ஒட்டினார்கள். தெருவில் போன நர்சும் தபால்காரரும் அதைப் பார்த்தார்கள். பேச்சு இல்லாமலே நன்றி போய்ச் சேர்ந்தது.

நாம் செய்யவேண்டியது

நம் வீடுகளிலும் அந்த நாளில் குழந்தைகள் படம் வரைந்தார்கள். பெண்கள் தைத்தார்கள், பின்னினார்கள். அவை இன்று எங்கே? பரணில் இருக்கலாம். பழைய பேப்பர் கட்டோடு போயும் இருக்கலாம்.

இருப்பதைத் தேடி எடுங்கள். பின்பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் அவற்றுக்காக ஒரு சுவரை ஒதுக்கித் தரட்டும். மான்செஸ்டர் செய்ததைச் சிறிய அளவில் நம் ஊர்களும் செய்யலாம். பெரிய செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

2020-ல் பிறந்த குழந்தை இன்று பள்ளிக்கூடம் போகிறது. "அப்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள்?" என்று ஒரு நாள் கேட்கும். அன்றைக்கு எடுத்துக் காட்ட, நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.