அவல் தட்டில் ஒரு யூதப் பண்டிகை

ஆயுத பூஜை அன்றைக்கு செம்பரம்பாக்கத்தில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் கம்பெனி கேட்டுகளைப் பாருங்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கையில் ஒரு பாக்கெட் இருக்கும். பொரி, அவல், பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை, கூடவே ஒரு வாழைப்பழம். இதே அவலையும் பழத்தையும் தட்டில் வைத்து யூதர்கள் ஒரு பண்டிகை கொண்டாடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும் இந்தியாவிலேயே!

அவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். மகாராஷ்டிராவின் கொங்கண் கரையில் கப்பல் உடைந்து, தப்பிய ஏழு தம்பதிகளின் வழி வந்தவர்கள் என்பது அவர்களது ஐதீகம். செக்காட்டி எண்ணெய் எடுப்பது தொழில். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொட மாட்டார்கள். அதனால் ஊர் வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

பண்டிகையின் பெயர் து பிஷ்வாத். மரங்களின் புத்தாண்டு. பௌர்ணமியை ஒட்டி வருவதால் பெரும்பாலும் நம் தைப்பூசத்தின் பக்கத்திலேயே வரும். 2024-இல் இரண்டுமே ஜனவரி 25 தான்! அன்று எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லி, அலிபாக் பக்கத்துக் கண்டாலா கிராமத்துக்குப் போகிறவர்கள் உண்டு. எலியாவின் ரதம் அங்கே தரை தொட்டது என்பது நம்பிக்கை.

பைபிள் புகழும் ஏழு விளைச்சல்கள் கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை. கொங்கணில் ஒலிவ மரத்துக்கு எங்கே போவது? அங்கே இருப்பது நெல்லும் தென்னையும் வாழையும். அதில் பிறந்ததுதான் மலிதா.

செய்வது சுலபம். இரண்டு கப் கெட்டி அவலைக் கழுவி வடிகட்டிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். ஊறியதும் ஒரு கப் தேங்காய்த் துருவல், அரை கப் சர்க்கரை, ஏலக்காய்ப் பொடி சேர்த்துப் பிசிறுங்கள். அவலைத் தட்டில் பரப்பி, அதன் மேல் முந்திரி, திராட்சை, பாதாம். அதற்கும் மேல் பேரீச்சை, ஆப்பிள், வாழை, மாதுளை என்று பழ அடுக்கு. கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கினால் பார்க்கவும் அழகு. அவலைக் குழைய விட்டால் மட்டும் எல்லாம் போச்சு.

பழங்களுக்குத் தனித்தனி ஜெபம் உண்டு. மரத்தில் காய்ப்பதற்கு ஒன்று, நிலத்தில் விளைவதற்கு இன்னொன்று. வாழைப்பழம் நிலக் கணக்கில் சேரும், ஏனென்றால் வாழை மரமே அல்ல! இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்பதும் யூத விதி. தேங்காய் பால் பொருள் இல்லை என்பதால் எந்த விருந்திலும் மலிதா தைரியமாக வரலாம்.

"அவலும் தேங்காயும் போட்டால் அது எப்படி யூதப் பண்டம்?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை அந்த மக்கள் மீதே வீசியவர்கள் உண்டு. இஸ்ரேலுக்குக் குடியேறிய பெனே இஸ்ரேலர் உண்மையான யூதர்கள்தானா, கல்யாணத்துக்கு முன் வம்சத்தை விசாரிக்க வேண்டும் என்று அங்குள்ள தலைமை மதகுருமார்கள் 1962-இல் உத்தரவு போட்டார்கள். இவர்கள் போராடினார்கள். எல்லா வகையிலும் இவர்கள் யூதர்களே என்று 1964-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அறிவிக்க வேண்டி வந்தது. நூற்றாண்டுகளாக யாரும் கண்காணிக்காமலே சனிக்கிழமை செக்கை நிறுத்தியவர்களுக்கு இந்தச் சோதனை!

ஒரு பண்டம் யாருடையது என்பதைப் பொருட்கள் தீர்மானிப்பதில்லை. மலிதா என்ற பெயரே பாரசீகம். பார்சிகளிடமும் முஸ்லிம்களிடமும் அதே பெயரில் வேறு மலிதாக்கள் உண்டு. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று ஒரு சமூகம் போட்டுக்கொள்ளும் கோடுதான் பண்டத்தை அவர்களுடையதாக்குகிறது. பெனே இஸ்ரேலர் பழத்தை மாற்றினார்கள், ஜெபத்தை மாற்றவில்லை.

இது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாடகை ரூம்களுக்கும் பொருந்தும். ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் தமிழரும் ஒரே அடுப்பில் சமைக்கிற இடங்கள் அவை. அடுத்தவர் பண்டிகைக்கு உதவப் போகிறவர்கள் "என்ன போடணும்?" என்று கேட்பது நல்லதுதான். "எதைப் போடக் கூடாது?" என்று கேட்பதுதான் மரியாதை.